கொழும்புச் சமையலறையில் கொழுப்பு: எங்கே இருக்கிறது, எதால் மாற்றுவது

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று எங்கிருந்தாவது வேலைக்கோ படிப்புக்கோ கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் அனெக்ஸ் எடுத்து, முதன்முதலாகத் தானே எண்ணெய்ப் போத்தல் வாங்குகிற ஆளுக்காக இதை எழுதுகிறேன். இரத்தப் பரிசோதனையில் "கொலஸ்ட்ரோல் கூட" என்று வந்து, சொந்தக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிக் குழப்பிவிட்டவர்களுக்கும் உதவும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுப்பை வெட்டுவதால் மட்டும் பெரிதாக ஒன்றும் நடக்காது. வெட்டிய இடத்தில் எதை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பலன். பட்டரை விட்டுவிட்டு அதே பாணுக்கு ஜாம் பூசிச் சாப்பிட்டால் இதயத்துக்கு ஒரு லாபமும் இல்லை. தேங்காயெண்ணெய், பட்டர், நெய் போன்றவற்றில் கூடுதலாக உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் வெள்ளை மாவும் சீனியும் வந்தால் மாரடைப்பு ஆபத்து குறைவதில்லை. அங்கே நல்லெண்ணெய், மீன், கச்சான் போன்றவற்றில் கூடுதலாக உள்ள நிறைவுறாக் கொழுப்போ முழுத்தானியமோ வந்தால் குறைகிறது.

படி 1: கொழுப்பு எதற்கு, எவ்வளவு

உடம்பின் ஒவ்வொரு கலத்தின் சவ்வும் கொழுப்பால் ஆனது. ஏ, டி, ஈ, கே என்ற நான்கு விற்றமின்களும் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் உறிஞ்சப்படும். வல்லாரைச் சம்பலுக்கும் கரட் சம்பலுக்கும் கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்க்கிற நம் பழக்கம் அதனால் வீண் இல்லை. இலையிலும் கரட்டிலும் இருக்கும், விற்றமின் ஏ ஆக மாறும் கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளச் சிறிது கொழுப்பு கூட இருக்க வேண்டும். சில கொழுப்பமிலங்களை உடம்பால் உண்டாக்கவே முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அமெரிக்காவில் ஜோர்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி 1929இல் கொழுப்பே இல்லாத தீனி போட்டு வளர்த்த எலிகளில் இதைக் கண்டுபிடித்தார்கள். எலிகளின் தோல் செதிலாகி, வளர்ச்சி நின்றுபோனது.

அளவு என்று வந்தால், ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாச்சத்திலும் புரதத்திலும் 4தான். உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, மொத்தக் கொழுப்பு அன்றாடக் கலோரியில் 30 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, நிறைவுற்றது 10 சதவீதத்துக்கும் டிரான்ஸ் கொழுப்பு (தாவர எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாவது, படி 5இல் வரும்) 1 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்பது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு இதைக் கிராமில் சொன்னால் மொத்தம் 67 வரை, நிறைவுற்றது 22 வரை, டிரான்ஸ் 2 வரை. இந்த 22 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்திருங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

படி 2: போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்

எது நிறைவுற்றது, எது நிறைவுறாதது என்பதற்குப் பாடப்புத்தகங்கள் ஓர் எளிய அடையாளம் சொல்லும்: அறை வெப்பத்தில் கட்டியாக இருப்பது நிறைவுற்றது, திரவமாக இருப்பது நிறைவுறாதது. கொழும்பில் இந்த அடையாளம் நம்மை ஏமாற்றும். தேங்காயெண்ணெய் உருகுவது ஏறக்குறைய 24 பாகையில். நம் ஊர்ச் சூட்டில் அது ஆண்டு முழுக்கத் தண்ணீர் மாதிரியே இருப்பதால், சூரியகாந்தி எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவில் இருந்து வந்தவர்களுக்குத் தெரியும், அங்கே காலையில் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்கும்.

அதனால் இரண்டு சின்னக் கிண்ணங்களில் கொஞ்சம் தேங்காயெண்ணெயும் கொஞ்சம் நல்லெண்ணெயும் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் ஒன்று கல்லாக இருக்கும், மற்றது ஊற்றக்கூடியதாக இருக்கும். நிறைவுற்ற கொழுப்பமிலங்களின் சங்கிலி நேராக இருப்பதால் விறகுக் கட்டுப் போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நிறைவுறாதவற்றின் சங்கிலி நடுவில் மடங்கி இருப்பதால் அடுக்க வராது. வேறொன்றும் இல்லை.

எண்களாகச் சொன்னால், தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 80 முதல் 90 சதவீதம். பாம் எண்ணெயில் பாதி. நெய்யில் ஏறத்தாழ 60. நல்லெண்ணெயில் 14 சதவீதம்தான், மீதி ஒற்றை நிறைவுறாததும் பன்முக நிறைவுறாததுமாக ஏறக்குறையச் சரிபாதி. சூரியகாந்தியில் 11, சோயாவில் 15, ஒலிவ் எண்ணெயில் 14 அளவில். விலை கூடிய ஒலிவ் எண்ணெயைத் தேடி சுப்பர்மார்க்கெட்டில் அலைய வேண்டிய அவசியம் இல்லை என்பது என் எண்ணம். வெள்ளவத்தைக் கடைகளில் வடக்கிலிருந்து வரும் நல்லெண்ணெய் கிடைக்கிறது. நம் நாக்குக்கும் அது பழக்கப்பட்டது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமந்து ஓடும், "கெட்ட கொலஸ்ட்ரோல்" என்று சொல்லப்படும் எல்.டி.எல் துகள்களைப் பிடித்து அகற்றுவது ஈரல். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் ஈரலில் அந்தத் துகள்களைப் பிடிக்கும் ஏற்பிகள் குறைகின்றன. எல்.டி.எல் இரத்தத்திலேயே தங்கி, நாளடைவில் நாடியின் சுவருக்குள் புகுந்து படிகிறது. நிறைவுறாக் கொழுப்பு இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது.

படி 3: எண்ணெயை அளந்து ஊற்றுங்கள்

புதிதாகச் சமைப்பவர்கள் எல்லோரும் போத்தலில் இருந்து நேரே தாச்சிக்கு ஊற்றுவார்கள். ஒரு தேக்கரண்டியில் 5 மில்லிலீற்றர், சுமார் 40 கலோரி. ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. அந்த மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயாக இருந்தால் 11 அல்லது 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது நாள் அளவான 22இல் பாதி, அந்த ஒரு கரண்டியிலேயே முடிந்தது.

ஒவ்வொரு நாளும் அளக்க யாருக்கும் பொறுமை இருக்காது. சுலபமான வழி, புதுப் போத்தல் திறக்கும் நாளின் திகதியை அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுவது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி என்றால் மாதத்துக்கு 450 மில்லிலீற்றர். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒரு லீற்றர் போத்தல் ஒரு மாதத்துக்கு மேல் வர வேண்டும். இரண்டு வாரத்தில் முடிந்தால் எங்கேயோ பொரியல் நடக்கிறது. கத்தரிக்காய் முக்கிய சந்தேக நபர். பஞ்சுபோல எண்ணெயைக் குடித்துவிடும். வாழைக்காய், பாகற்காய், பப்படம் எல்லாம் அடுத்த வரிசை.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சுட வைக்காதீர்கள். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெய் கெட்டுவிட்ட எண்ணெய். நிறைவுறாக் கொழுப்பு கூடிய எண்ணெய்கள் இந்தத் திரும்பத் திரும்பச் சுடுவதற்கு இன்னும் பலவீனமானவை. ஆகவே தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெயோ சூரியகாந்தியோ, எப்போதாவது ஆழமாகப் பொரிக்கத் தேங்காயெண்ணெய் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, உதிரி எண்ணெய் வாங்குவதைத் தவிருங்கள். 2021இல் சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நச்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே பரபரத்தது பலருக்கு நினைவிருக்கும். எஸ்.எல்.எஸ் தரச் சின்னமும் காலாவதித் திகதியும் உள்ள மூடிய போத்தலே நல்லது.

படி 4: தேங்காய்

இங்கேதான் சண்டை வரும். "எங்கள் தாத்தா தேங்காய் தின்று தொண்ணூறு வயது வரை இருந்தார்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இருந்திருப்பார். அவர் தோட்டம் கொத்தினார், நடந்தே சந்தைக்குப் போனார், மீனும் கீரையும் குரக்கனும் சாப்பிட்டார்; மதியம் ஒரு ரோல்ஸும் இனிப்புப் பால்தேநீரும் எடுத்துக்கொண்டு எட்டு மணிநேரம் கதிரையில் இருக்கவில்லை. பசிபிக் தீவுகளில் புக்காபுக்கா, தோக்கலாவ் மக்களைப் பற்றிய ஆய்வுகளும் இதே கதைதான்: தேங்காய் மிகுதியாகச் சாப்பிட்டும் அங்கே இதய நோய் குறைவாக இருந்தது, ஆனால் அவர்கள் சாப்பிட்டது தேங்காயும் மீனும், மாவும் சீனியும் மிகக் குறைவு.

மறுபக்கம், தேங்காயெண்ணெயை மருந்தாக்கி விற்பவர்களையும் நம்ப வேண்டாம். பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்லை டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று கண்டது. நல்லது என்று சொல்லப்படும் எச்.டி.எல்லும் 4 மில்லிகிராம் கூடியது. ஆனால் அந்தக் கூட்டல் எல்.டி.எல் கூடியதன் பாதிப்பை ஈடுசெய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. "இது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, உடனே எரிந்துவிடும்" என்ற பேச்சும் முழு உண்மை இல்லை. தேங்காயெண்ணெயில் பாதி அளவுக்கு இருப்பது லோரிக் அமிலம்; அதன் பெரும்பகுதி நீண்ட சங்கிலிக் கொழுப்புகள் போகும் பாதையில்தான் உடம்புக்குள் போகிறது.

அப்படியென்றால் தேங்காயை விட்டுவிடுவதா? கொழும்பில் இருந்துகொண்டு அது நடக்காத காரியம், தேவையும் இல்லை. கணக்கு மட்டும் தெரிய வேண்டும். 100 கிராம் தேங்காய்ப்பூவில் சுமார் 33 கிராம் கொழுப்பு, அதில் ஏறக்குறைய 30 கிராம் நிறைவுற்றது. சம்பலாகச் சாப்பிட்டால் அத்தனையும் உள்ளே போகிறது, கூடவே நார்ச்சத்தும் வருகிறது. பாலாகப் பிழிந்தால் நார் கப்பியோடு போய்விடும், கொழுப்பில் பெரும்பங்கு முதற்பாலில் வந்துவிடும்.

வீட்டில் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான். ஒரு சாப்பாட்டில் தேங்காய் ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கட்டும். சொதி வைக்கிற அன்று சம்பல் வேண்டாம், சம்பல் அரைக்கிற அன்று பருப்பைப் பால் விடாமல் சீரகம், உள்ளி, நல்லெண்ணெய் போட்டுத் தாளியுங்கள். இடியப்பம், சொதி, சம்பல் மூன்றும் சேர்ந்த சாப்பாட்டைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளலாம். கறிகளுக்கு இரண்டாம் பாலும் கப்பிப்பாலும் போதும். கடைசியில் இறக்கும்போது முதற்பால் இரண்டு கரண்டி விட்டால் வாசனை வந்துவிடும். கத்தரிக்காய், வெண்டைக்காய், மீன் எல்லாம் புளிக்குழம்பாக வைத்தால் பாலே வேண்டாம். சிங்களவர் கொறுக்காய்ப் புளி போட்டு வற்ற வைக்கும் அம்புல்தியலைப் பழகிக்கொள்ளுங்கள். எண்ணெயும் பாலும் இல்லாமல் அவ்வளவு ருசியான மீன் கறி வேறு இல்லை. இதை நான் சொன்னால் யாழ்ப்பாணத்தார் கோபிப்பார்கள், பரவாயில்லை.

படி 5: கடைச் சாப்பாடு

அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு வீட்டு எண்ணெயை விடப் பெரிய சிக்கல் நான்கு மணிப் பசி. பட்டிஸ், பேஸ்ட்ரி வகைகளின் அடுக்கு அடுக்கான ஓட்டுக்குக் காரணம் மாவுக்கு நடுவே மடித்து மடித்து வைக்கும் கெட்டியான மாஜரின். ரோல்ஸும் கட்லட்டும் எண்ணெயில் மூழ்கி எழுந்தவை. காகிதப் பையில் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், பையின் அடி கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும்.

இந்தக் கெட்டிக் கொழுப்புகளில் பழைய சிக்கல் டிரான்ஸ் கொழுப்பு. தாவர எண்ணெயைக் கெட்டியாக்க ஐதரசன் ஏற்றும்போது, வேலை பாதியில் நின்றால் அது உண்டாகிறது. நிறைவுற்ற கொழுப்பை விட மோசமானது, ஏனென்றால் எல்.டி.எல்லைக் கூட்டி எச்.டி.எல்லைக் குறைக்கும். 2018இல் உலக சுகாதார நிறுவனம் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை உலகம் முழுவதும் ஒழிக்க அழைப்பு விட்டதிலிருந்து பல நாடுகளில் சட்டம் இறுகி வருகிறது. ஆனாலும் பெயரில்லாத மாஜரினும் நாள் முழுக்கக் கொதித்த எண்ணெயும் எங்கிருந்து வந்தவை என்று வாடிக்கையாளர் அறிய வழி இல்லை.

மாற்று கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவித்த கடலை, வறுத்த கச்சான் ஒரு சுருள், வாழைப்பழம், அவித்த முட்டை. கச்சானிலும் கஜுவிலும் கொழுப்பு நிறையத்தான், ஆனால் பெரும்பாலும் நிறைவுறாதது; உள்ளங்கை அளவோடு நிறுத்த வேண்டும். உப்புப் போடாதது கிடைத்தால் இன்னும் நல்லது. சைவக்கடையில் இருந்தால் வடைக்குப் பதில் இட்லி, நெய்த் தோசைக்குப் பதில் சாதாத் தோசை. கொத்து ரொட்டிக் கடையில் "அண்ணை, எண்ணெய் குறைச்சுப் போடுங்கோ" என்று சொன்னால் பெரும்பாலும் செய்து தருவார்கள், தட்டும் சத்தம் குறையாது. காலிமுகத்திடலில் இறால் வடை சாப்பிடுவதை நான் தடுக்கப் போவதில்லை. அது மாதம் ஒரு தரம். தினம் நாலு மணிக்கு வரும் ரோல்ஸ் வேறு விஷயம்.

மதியச் சோற்றுப் பார்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பிரச்சினை கறி எண்ணெயை விடச் சோற்று மலை. வெள்ளைச் சோறும் சீனியும் மிஞ்சினால் ஈரல் அதையே கொழுப்பாக்கி இரத்தத்தில் டிரைகிளிசரைட்டாக விடும். எண்ணெயே தொடாத ஆளுக்கு டிரைகிளிசரைட் உயர்ந்து நிற்பது நம்மிடையே சகஜம். சோற்றில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, இன்னொரு கரண்டி பருப்பும் மீனும் கேளுங்கள்.

படி 6: சின்ன மீன் வாங்குங்கள்

ஒமேகா 3 என்ற நிறைவுறாக் கொழுப்பு உள்ள மாத்திரைக்குக் கொடுக்கும் காசுக்கு எத்தனையோ கிலோ சாளை வாங்கலாம். சாளை, சூடை, கும்பளா, நெத்தலி போன்ற எண்ணெய்ப் பிடிப்புள்ள சின்ன மீன்களில்தான் இந்தக் கொழுப்பு அதிகம், விலையும் அறக்குளாவின் பக்கத்தில் வராது. வாரத்துக்கு இரண்டு தரம் போதும். வெள்ளவத்தைச் சந்தைக்குக் காலையிலேயே போனால் நல்ல மீன் கிடைக்கும். வாங்கியதைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். நேரமில்லாத நாளுக்கு ரின் மீன் மோசமில்லை. உப்பு அதிகம் என்பதால் அதிலுள்ள தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள்.

சைவக்காரருக்கு ஆளி விதை, அக்ரூட், சோயா. இவற்றில் இருக்கும் ஒமேகா 3 வேறு வகை, உடம்பு அதை மீனில் உள்ள வகையாக மாற்றுவது கொஞ்சமே. இருந்தாலும் சாப்பிடத்தக்கவை.

முட்டையும் இறாலும் கணவாயும் பாவம், தேவைக்கு மேல் பழி சுமக்கின்றன. ஒரு முட்டையில் 190 மில்லிகிராம் அளவில் கொலஸ்ட்ரோல் உண்டு, ஆனால் பெரும்பாலோருக்கு இரத்தக் கொலஸ்ட்ரோலைச் சாப்பாட்டில் உள்ள கொலஸ்ட்ரோலை விட நிறைவுற்ற கொழுப்பே அதிகம் கூட்டுகிறது. இறாலில் நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதை முதற்பாலில் குளிப்பாட்டிவிட்டு இறாலைக் குற்றம் சொல்கிறோம்.

படி 7: லேபிளைப் பின்பக்கம் திருப்புங்கள்

முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் "கொலஸ்ட்ரோல் இல்லை" என்று எழுதிய எண்ணெயைக் கண்டு மயங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் எடுக்கும் அளவு கொலஸ்ட்ரோல் கிடையாது, தேங்காயெண்ணெய் உட்பட. பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை. "ஒரு பரிமாறலுக்கு" என்பதை விட "100 கிராமுக்கு" என்ற நிரலைப் பாருங்கள், அப்போதுதான் இரண்டு பிஸ்கட் பக்கெட்டுகளை ஒப்பிட முடியும். உட்பொருள் பட்டியலில் "ஹைட்ரஜனேட்டட்" என்ற சொல் வந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அமெரிக்கப் பொருள்களில் ஒரு பரிமாறலுக்கு அரைக் கிராமுக்குக் கீழே டிரான்ஸ் இருந்தால் பூச்சியம் என்று போட அங்கே சட்டமே இடம் தருகிறது, அதையும் கவனியுங்கள்.

பால்மாவை மறந்துவிடுவார்கள். முழு ஆடைப் பால்மாவில் 100 கிராமுக்கு 26 கிராம் அளவில் கொழுப்பு. ஒரு நாளைக்கு நாலைந்து பால்தேநீர் குடிப்பவர் இரண்டைப் பிளேன்டீ ஆக்கினால் சீனியும் சேர்ந்து குறையும்.

படி 8: இரத்தத்தைப் பாருங்கள்

இத்தனையும் வேலை செய்கிறதா என்று நாக்குச் சொல்லாது, லிபிட் புரொஃபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனை சொல்லும். வழமையாக 9 முதல் 12 மணிநேரம் சாப்பிடாமல் போகச் சொல்வார்கள், தண்ணீர் குடிக்கலாம். அரச வைத்தியசாலைகளிலும் சுகாதாரப் பணிமனைகளிலும் தொற்றா நோய்களுக்கான இலவசப் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன, 35 வயதைத் தாண்டியவர்கள் விசாரித்துப் பாருங்கள். அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் பார்த்துப் பயப்படாமல், எல்.டி.எல்லையும் டிரைகிளிசரைட்டையும் தனித்தனியே பாருங்கள். பொதுவாக, டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில், எல்.டி.எல் 100க்குக் கீழும் டிரைகிளிசரைட் 150க்குக் கீழும் இருப்பது விரும்பத்தக்கது. சீனி வருத்தமோ ஏற்கெனவே இதய நோயோ உள்ளவருக்கு இலக்கு இன்னும் இறுக்கமாக இருக்கும், அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். எல்.டி.எல் கூட என்றால் தேங்காய், பட்டர், கடைப் பொரியல் பக்கம் கை வையுங்கள். டிரைகிளிசரைட் கூட என்றால் சோறு, பாண், சீனி, குடி.

டொக்டர் தந்த குளிசையைச் சாப்பாட்டை மாற்றிவிட்டேன் என்று நிறுத்தாதீர்கள். பரம்பரையாகவே கொலஸ்ட்ரோல் கூடிய குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குச் சாப்பாடு மட்டும் போதாது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது. அவர்களுடைய மூளை வளர நல்ல கொழுப்பு தாராளமாக வேண்டும்.

மாற்றம் தெரிய இரண்டு மூன்று மாதம் விடுங்கள். அப்புறம் முடிந்தால் அதே ஆய்வுகூடத்திலேயே திரும்பச் செய்து, பழைய அறிக்கையையும் கையில் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.